கொழுப்பு: அதிகபட்சம் பூஜ்யம்

அந்த டாக்டர் மட்டும் அன்றைக்கு அவசரப்படாமல் இருந்திருந்தால் இத்தனை வம்பும் வந்திருக்காது. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு மனிதர், பதில் கிடைக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெயைக் குறைக்கச் சொல்றீங்க, சரி. எத்தனை பர்சென்ட் குறைக்கணும்?"

"எவ்வளவு குறைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது சார். போகும்போது அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

போச்சு. சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லக்கூடாத வாக்கியம். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வறுவலைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். இவரோ கோழித் தீவன ஆலையில் கலவை எழுதுகிறவர். எந்தக் கோழிக்கு, எத்தனை வார வயதில், எந்தச் சத்து எத்தனை விழுக்காடு என்று இவர் தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இயந்திரம் கலக்கும். ஆலையில் அவருக்குப் பெயரே பர்சென்ட். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், வாட்ச்மேன் மட்டும் "வணக்கம் பர்சென்ட் சார்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பஸ்ஸில் வரும்போதே பர்சென்ட் முடிவுக்கு வந்துவிட்டார். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றால், மொத்தமாக ஒழித்துவிட்டால் மொத்தமும் நல்லது. இதில் எங்கே ஓட்டை? தலையைத் தலையை ஆட்டி யோசித்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா ஐம்பத்து மூன்று வயதில் சவரம் செய்துகொண்டே நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவர். அண்ணன் ஐம்பத்து நான்கில், தபால் நிலைய வரிசையில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தவர். பர்சென்டுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. பயம் வருமா, வராதா? படுக்கையில் படுத்தால் இடது கை தானாகப் போய் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மனைவி பார்த்துவிட்டால், சட்டைப் பொத்தானைத் தேடுவதுபோல் பாவனை செய்வார்.

அன்று மாலையே சமையலறைச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, ஒரு தாள் ஏறியது. தீவன மூட்டையின் வாயில் வைத்துத் தைப்பார்களே ஒரு சீட்டு, உள்ளே என்னென்ன சத்து எவ்வளவு என்று, அச்சு அசல் அதேதான். புரதம், குறைந்தபட்சம் இத்தனை. நார், அதிகபட்சம் இத்தனை. கொழுப்பு, அதிகபட்சம் பூஜ்யம்.

அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் படித்தாள். "என்னங்க இது? நம்மள மூட்டை கட்டி விக்கப் போறீங்களா?"

"ஒட்டணும். அதான் சட்டம்."

"எந்த ஊரு சட்டம்?"

"என் சட்டம்."

அவளைத் தெருவே டெய்லரக்கா என்று கூப்பிடும். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, பதினோரு வருஷமாக ஒரு பெரிய ஷோரூமுக்கு சில்க் உடைகள் தைத்துக் கொடுக்கிறாள். பருத்தியை யார் வேண்டுமானாலும் தைப்பார்கள். சில்க் அப்படியா? அது வழுக்கும், நெளியும், ஒரு நகக் கீறல் பட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அவள் கைக்கு மட்டும் அது பேசாமல் படுத்திருக்கும். அவள் விரலைக் கண்டால் சில்க்கே பயப்படும் என்று ஷோரூம் அம்மா எல்லோரிடமும் சொல்வாராம்.

எண்ணெய்ப் பாட்டில்கள் நான்கும் அன்றே மாடிக்குப் போயின. மாடியில் டெய்லரக்காவின் தம்பி குடியிருந்தான், லிஃப்ட் மெக்கானிக், கல்யாணமாகாதவன், வாய்க்கு ருசியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். அந்த நான்கு பாட்டில்களையும் அனாதைக் குழந்தைகளைத் தத்தெடுப்பதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "கவலைப்படாதீங்க மாமா, நான் நல்லா வச்சுப் பாத்துக்கிறேன்."

அப்புறம் நடந்ததைச் சமையல் என்று சொன்னால் அடுப்பு கோபித்துக்கொள்ளும். காய்கறி தண்ணீரில் வெந்தது. கோழிக்கறி தோலுரிக்கப்பட்டு, இரண்டு முறை வெந்து, இரண்டு முறையும் தண்ணீர் கொட்டப்பட்டு, கடைசியில் துணி துவைத்துப் பிழிந்த நிறத்தில் தட்டுக்கு வந்தது. பாலில் ஆடை எடுத்து, ஆறவைத்து, மறுபடி எடுத்து, வெறும் வெள்ளைத் தண்ணீர் மிஞ்சியது. முட்டையில் வெள்ளை மட்டும். மஞ்சள் கருவெல்லாம் மாடிக்கு. கடலை, பருப்பு வகை, எள், மீன் எதற்கும் வாசற்படி தாண்ட அனுமதியில்லை.

அதோடு விட்டாரா மனிதர்? சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி ஆலைக்குக் கொண்டுபோனார். அங்கே தீவனத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணாடிக் கருவி வரிசையாக இருக்கும். சோளம், சோயா, தவிடு என்று சீட்டு ஒட்டிய குடுவைகளுக்கு நடுவே ஒரு குடுவையில் "வீடு, உருளைக்கிழங்கு, மதியம்" என்று கொதித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை ஆரம்பம்.

"உருளைக்கிழங்குல கொழுப்பு புள்ளி ஒண்ணு பர்சென்ட் வந்திருக்கு. எங்கேர்ந்து வந்துச்சு?"

"உருளைக்கிழங்குலேர்ந்து."

"நாளைக்கு ஊறவச்சு வேக வை."

டெய்லரக்கா தனக்கென்று ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் அதைத்தான் கேட்டான். "நான் வேற சாப்பிட்டா அவரு தனியா ஆயிடுவாருடா," என்றாள். "பயந்து கெடக்கிற மனுஷன். போகட்டும், கொஞ்ச நாளைக்குத்தானே." அந்தக் கொஞ்ச நாள் ஏழு மாசம் ஆயிற்று.

பர்சென்டுக்கு அது பொற்காலம். தொப்பையில் ஒன்பது கிலோ கரைந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டரே புருவத்தை உயர்த்தினார். அந்தத் தாளை ஆறு பிரதி எடுத்து, ஒன்றை ஆலை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். தெருவில் நடக்கும்போது மார்பு முன்னாலும் மனிதர் பின்னாலும் வந்தார்கள்.

டெய்லரக்கா ஆரம்பத்திலேயே ஊசி. இப்போது நூலானாள்.

முதலில் முழங்கையில் தோல் வெள்ளையாக உதிர்ந்தது. அப்புறம் கணுக்காலில். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஐந்தாம் மாசம் விரல் நுனிகள் வெடித்தன. பொடிப் பொடியாகச் செதில் செதிலாக, தொட்டால் சொரசொரவென்று. காய் நறுக்கும்போது பட்ட ஒரு சின்ன வெட்டு மூன்று வாரமாக ஆறாமல் கிடந்தது.

"அக்கா, என்ன உன் கை உப்புத்தாள் மாதிரி இருக்கு?" என்றான் தம்பி. "லிஃப்ட் கதவுல துரு தேய்க்கக் கூட்டிட்டுப் போகலாம் போல."

பர்சென்ட் ஆராய்ச்சியில் இறங்கினார். சோப்புதான் காரணம் என்றார், சோப்பு மாறியது. தண்ணீரில் உப்பு என்றார். குழாயில் வடிகட்டி வந்தது. ஊசியின் உலோகம் என்றார். புது ஊசிகள் வந்தன. காற்றில் ஈரம் போதவில்லை என்று மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். தம்பி அதில் இரண்டு தடவை இடறி விழுந்தான். ஒவ்வொரு காரணத்தையும் அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் அதற்கு மேல் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

விரல் சொரசொரத்தால் சில்க் சும்மா இருக்குமா? செதிலில் இழை மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது. சரசரவென்று ஒரு கோடு, அவ்வளவுதான், துணி பாழ். கையுறை போட்டுப் பார்த்தாள். "கண்ணைக் கட்டிக்கிட்டுத் தைக்கிற மாதிரி இருக்குங்க," என்று கழற்றி எறிந்தாள். ஒரு கவுன் திரும்பி வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது துணியைக் கொடுக்கும்போது ஷோரூம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "தப்பா நினைச்சுக்காதீங்க. சனிக்கிழமை இதுவும் இழுப்போட வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெய்லரக்கா வெட்டி வைத்த சில்க்கைத் தொடாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பர்சென்ட் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாப்பத்தேழு ஆச்சுல்ல," என்றாள். "கை போயிடுச்சுங்க. இதுவும் திரும்பி வந்தா மெஷினை மூடி வச்சுடறேன். எனக்கு வேற என்னங்க தெரியும்?" குரல் உடைந்தது. முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனவள், கன்னத்தில் உராயும் என்று நினைவு வந்து முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பர்சென்ட் ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தினார். "அழாதே. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே," என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அட மனுஷா! இதுவல்லவா ஆறுதல்!

மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆலை வாசலில் ஒரே கூச்சல். ஒரு பண்ணைக்காரர் அட்டைப் பெட்டியில் இரண்டு கோழிகளையும் ஒரு தட்டு முட்டையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். முட்டையெல்லாம் கோலிக்குண்டுக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். "பர்சென்ட் சாரைக் கூப்பிடுங்க! என் கோழிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

பர்சென்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். கோழியைத் தூக்கினார். சிறகு பிய்ந்து, தோல் காய்ந்து, கால் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இடுப்பில் எங்கோ பட்ட பழைய கீறல் ஆறவில்லை. இதற்கெல்லாம் அவருக்குப் பரிசோதனை வேண்டுமா என்ன? பத்து எண்ணுவதற்குள் நோய் பிடிபட்டுவிட்டது.

"நம்ம தீவனமா போடறீங்க?"

"இல்ல சார். போன வருஷம் ஈரல்ல கொழுப்பு கட்டி பன்னெண்டு கோழி பொட்டுப் பொட்டுனு விழுந்துச்சு. பயந்துட்டேன். அதுலேர்ந்து நானே கலக்கறேன். சோளத்தை நிறுத்திட்டேன், எண்ணெய் நிறுத்திட்டேன், மீன்தூள் நிறுத்திட்டேன். உடைச்ச கோதுமையும், எண்ணெய் சுத்தமா எடுத்த சக்கையும்தான். ஒரு பொட்டு கொழுப்பு கிடையாது." சொல்லும்போது அவர் முகத்தில் லேசான பெருமைகூடத் தெரிந்தது.

பர்சென்டுக்கு வந்ததே கோபம்! லேப்பில் இருந்தவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

"யோவ், நீரெல்லாம் பண்ணை வைக்கலாமாய்யா? கொழுப்புல எல்லாம் ஒண்ணா? உடம்பு தானாப் பண்ணிக்கிற கொழுப்பு ஒண்ணு, பண்ணவே முடியாத கொழுப்பு ஒண்ணு. லினோலிக் அமிலம்னு பேரு. அதை வெளியிலேர்ந்து வாயில போட்டாத்தான் உண்டு, இல்லேன்னா இல்ல. தோல் காயாம இருக்கிறதே அதாலதான். நிறுத்தினா என்ன ஆகும்? முதல்ல தோல் உரியும். அப்புறம் சிறகு கொட்டும். காயம் ஆறாது. கடைசியில, இத்தனை வருஷம் ஒழுங்காப் பாத்துக்கிட்டிருந்த வேலையையே அதால பாக்க முடியாமப் போகும். முட்டை சிறுத்துடும்! நாங்க மூட்டையில சீட்டு ஒட்டறோமே, படிச்சிருக்கீரா? கொழுப்புக்கு நேரா என்ன போட்டிருக்கு? குறைந்தபட்சம்! குறைந்தபட்சம் இத்தனைன்னு போட்டிருக்கு!"

"பயத்துல சார்..."

"பயந்தா யோசிக்கணும்யா, பட்டினியா போடறது? வாயில்லா ஜீவன், நீர் போட்டதைத் தின்னுட்டுப் பேசாம இருக்கு. இது வேணும், அது வேணும்னு கேக்குமா அது? ஏழெட்டு மாசமா கண்ணு முன்னாடி உரிஞ்சு உரிஞ்சு கொட்டுது, ஒரு நாளாவது அதைக் கையில எடுத்துப் பாத்தீரா? கூடவே இருக்கிற மனுஷனுக்கு இது..."

வாக்கியம் பாதியில் நின்றது. கோழியை இறக்கி வைத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்தார். காலையில் சாப்பாட்டு டப்பாவை வாங்கும்போதும் மூடியின் மேல் இதே மாதிரி இருந்தது. ஊதிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார்?" என்றார் பண்ணைக்காரர். "மருந்து?"

பர்சென்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு வெற்றுச் சீட்டின் பின்புறம் கிறுக்கினார். கோழிக்கு இல்லை. ஒரு பெண்ணுக்கு, ஒரு நாளுக்குத் தேவையான சக்தி, அதில் இரண்டரை விழுக்காடு அந்த அமிலத்திலிருந்து வர வேண்டும், கிராமாக்கினால் ஐந்து. ஐந்து கிராமுக்கு சூரியகாந்தி எண்ணெய் எவ்வளவு? இரண்டு டீஸ்பூன்கூட முழுசாக வரவில்லை. அதோடு அதன் கூடப்பிறந்த இன்னொரு அமிலம் ஒரு கிராம் சொச்சம், வாரத்துக்கு இரண்டு தரம் மீன் வைத்தால் பெரும்பாலும் முடிந்துபோகும். இரண்டு டீஸ்பூன்! ஏழு மாசம் அவளை ஆட்டிவைத்தது இரண்டு டீஸ்பூனுக்காகவா?

"கோழிக்கு எண்ணெய் குடுங்க," என்றார் பண்ணைக்காரரிடம். "இன்னிக்கே குடுங்க." பதிலுக்கு நிற்காமல் வாசலை நோக்கி நடந்தார். பகல் வேளையில் அவர் வெளியே போவதைப் பார்த்திராத வாட்ச்மேன், வணக்கம் சொல்லவும் மறந்து எழுந்து நின்றார்.

வழியில் ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். டெய்லரக்கா நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. உன் கை... உன் கைக்கு வயசாகல."

"என்னது?"

எல்லாவற்றையும் சொன்னார். கோழி, செதில், முட்டை, இரண்டு டீஸ்பூன். எதையும் மறைக்கவில்லை, தான் கத்திய கத்தலைக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்கு வயசாகலையா?" என்று சிரித்தாள். "கை போகலையா? திரும்பி வந்துடுமா?"

"வந்துடும். எண்ணெய் சேத்துக்கிட்டா வந்துடும்."

"அப்பாடா!" என்று சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் மெல்ல உறைத்தது. சிரிப்பு கீழே இறங்கி, கண் மேலே ஏறியது.

"ஏங்க. ஆலையில எத்தனை வகைத் தீவனம் எழுதறீங்க?"

"பதினாலு."

"எதுக்குப் பதினாலு?"

"குஞ்சுக்கு ஒண்ணு, வளர்ற கோழிக்கு ஒண்ணு, முட்டைக் கோழிக்கு ஒண்ணு, கறிக்கோழிக்கு... ஒண்ணோடத ஒண்ணுக்குப் போட்டா கெட்டுப் போயிடுமே."

"பதினாலு வகைக் கோழிக்குப் பதினாலு எழுதத் தெரியுது. இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டே பேருங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எழுதின ஒரு தாளும் உங்களுக்கு எழுதினது. நான் அதுல எங்க இருக்கேன்?"

ஆலையில் ஒரு கூலியாள் கறிக்கோழித் தீவனத்தை மாற்றி மூட்டை கட்டியதற்கு அவனை வாரம் முழுக்கத் திட்டியவர் பர்சென்ட்.

"கையைக் குடு, தடவி விடறேன்," என்று பாட்டில் மூடியைத் திருகினார். "தோல் வழியாவும் கொஞ்சம் உள்ள போகும்."

"ஐயோ, தள்ளிப் போங்க!" டெய்லரக்கா பாய்ந்து சில்க்கை மறைத்தாள். "ஒரு சொட்டு விழுந்தா ஜென்மத்துக்கும் போகாது! சனிக்கிழமை குடுக்கணும். இன்னிக்குத் தடவினா நாளைக்குத் தோல் வந்துடுமா?"

வராது. வாரக்கணக்கில் ஆகும். அது அவருக்குத் தெரியும். எண்ணெய் தடவினால் துணி கறைபடும், தடவாவிட்டால் இழை மாட்டும். இரண்டு பேரும் மேஜை மேல் கிடந்த சில்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க கையைக் காட்டுங்க," என்றாள் திடீரென்று.

காட்டினார். பூ மாதிரி இருந்தது. அவர் சாப்பிட்டதும் அதே சாப்பாடுதான். ஆனால் ஒன்பது கிலோ தொப்பை உள்ளேயிருந்து கரைந்து கரைந்து அவர் தோலுக்கு வேண்டியதை இத்தனை நாளும் ஊட்டிக்கொண்டிருந்தது. ஊசிபோல் இருந்தவளுக்கு அப்படியொரு சேமிப்பு எங்கே இருந்தது? அவள் ஒரு வெட்டுத் துண்டு சில்க்கை எடுத்து அவர் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"உக்காருங்க," என்றாள்.

"எங்க?"

"மெஷின் முன்னாடி."

வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக பர்சென்ட் இரண்டு நாள் லீவு போட்டார். வியாழக்கிழமை காலை முதல் வேலையாக இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கதையைக் கேட்டார், பேனாவைக் கீழே வைத்தார். "நான் குறைக்கத்தானே சார் சொன்னேன், ஒழிக்கவா சொன்னேன்? ஒரு சொட்டுகூடவா?" அன்றைக்கும் வெளியே கூட்டம்தான். ஆனாலும் அவளுக்காகப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்.

மற்ற நேரமெல்லாம் மெஷின்தான். ஒற்றை நாற்காலியில் அவர். பின்னால் ஸ்டூலில் அவள், பக்கவாட்டில் காலை நீட்டி மிதியை மிதித்தபடி. கால் அவளுடையது, கண் அவளுடையது, வாய் நிச்சயமாக அவளுடையது, கை மட்டும் அவருடையது. பழைய தலையணை உறை ஏழு பலியான பிறகுதான் கோடு நேராக வந்தது.

"இழுக்காதீங்க! துணி தானாப் போகும்."

"எத்தனை மில்லிமீட்டர் வேகத்துல..."

"வாயை மூடிக்கிட்டு விரலால கேளுங்க."

தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, தன் கையும் வழவழப்புதான், தானும் தைக்கிறேன் என்று நீட்டினான். பத்து நகத்திலும் கிரீஸ். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி மாடிக்கே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் மூன்று பொரித்த முட்டை வந்தது, அக்காவுக்கு மட்டும். அவள் தள்ளி உட்கார்ந்து, ஒரு துளிகூடத் துணிப் பக்கம் போகாமல் கரண்டியால் சாப்பிட்டாள். ஓரத்து மொறுமொறுப்பைக் கடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பர்சென்ட் துணியை விட்டுவிட்டு அதையே பார்த்தார். ஏழு மாசமாக இந்த முகத்தைத்தான் அவர் பார்க்காமல் விட்டிருந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணி. ஷோரூம் அம்மா கவுனை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, புறங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார். டெய்லரக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இழுப்பு இல்ல," என்றார் ஷோரூம் அம்மா. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலைக் கிட்டத்தில் பார்த்தார். "ஆனா இது உங்க தையல் இல்லையே."

பர்சென்ட் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கோழியில் ஆரம்பித்து இரண்டரை விழுக்காடு வரை மனப்பாடம். "மேடம், மொத்தத்துல பாத்தீங்கன்னா..."

"சும்மா இருங்க," என்றாள் மனைவி. கைகளை முன்னால் கொண்டுவந்து வெடித்த விரல்களை விரித்துக் காட்டினாள். "என் கையைக் கெடுத்தது இவருதாங்க. அதனால ஆறுற வரைக்கும் இவரு கையை எடுத்துக்கிட்டேன். காலும் கண்ணும் என்னுதுதான். இடது தோள்ல ஒரு இடத்துல கோடு லேசா விலகியிருக்கும், அது இவரு தும்மினது. வேணாம்னா சொல்லிடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

ஷோரூம் அம்மா தோளைப் பார்த்தார். பர்சென்டை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "அந்தத் தோளை மட்டும் பிரிச்சுத் தைச்சுக் குடுங்க. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு துணி தர்றேன். உங்க கை சரியாகிற வரைக்கும் இவரையே வச்சுக்கோங்க, ஆனா தும்மல் வந்தா எழுந்து போகச் சொல்லுங்க."

வெளியே வந்து சாலையைக் கடந்தார்கள். பர்சென்ட்தான் மெல்ல ஆரம்பித்தார். "கோபம் போயிடுச்சா?"

"போகல."

"சரி." கொஞ்சம் நடந்தார். "என்ன சாப்பிடறே?"

டெய்லரக்கா நடையை நிறுத்தினாள். "கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்துல என்ன சாப்பிடணும்னு சொல்லியிருக்கீங்க. என்ன சாப்பிடறேன்னு இன்னிக்குத்தாங்க கேக்கறீங்க." சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள்.

பொரித்த மீன் இரண்டு கேட்டாள். பெரியது. தலையோடு.

"எனக்கு ஒண்ணு முழுசா வேணாம், டாக்டர்..." என்று இழுத்தார் பர்சென்ட்.

"உங்களுக்கு யாரு சொன்னா? ரெண்டும் எனக்கு."

மீன் வந்தது. மேலே மிளகாய்த்தூள் சிவந்து, ஓரமெல்லாம் முறுகி, எண்ணெய் மினுமினுத்தது. அவள் ஆசையாகக் கை வைத்தாள், "ஸ்ஸ்" என்று வெடுக்கென எடுத்துக்கொண்டாள். வெடிப்பில் காரம் பட்டுவிட்டது. கரண்டியால் முயன்றாள். முள் நிறைந்த மீன் கரண்டிக்கு எங்கே அடங்கும்? தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இதைப் பாரு," என்றார் பர்சென்ட். குரல் என்னவோபோல் இருந்தது. "நான் இல்லாமப் போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவேன்னுதான் பயந்தேன். சத்தியமா அதான். வேற எதுவும் இல்ல."

"தெரியும்," என்றாள். "அதனாலதான் ஏழு மாசம் வாயைத் திறக்காமச் சாப்பிட்டேன். இல்லேன்னா அந்தத் தாளை அன்னிக்கே கிழிச்சிருக்க மாட்டேனா?"

அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"முள்ளெடுத்துக் குடுங்க. கை எரியுது."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சில்க்கைத் தொட்ட அதே பதத்தில், ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் வைத்தார். எடுத்த துண்டை ஊதி ஆறவைத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.